கிருமிப் பொடி

நிறைமாதத்தில் நான் வேலை பார்த்த சிவகாசிப் பட்டாசுக் கம்பெனி வெடித்து, சுவர் என் மேல் சரிந்தது. ஆஸ்பத்திரியில் வயிற்றைக் கிழித்து மகளை எடுத்தார்கள். அவளுக்குக் கழிச்சல் நிற்கவில்லை.

டாக்டரம்மா ஒரு பொடியைக் கொடுத்தார். "ஆபரேஷன்ல பிறந்த பிள்ளைக்குத் தாய்கிட்ட இருந்து நல்ல கிருமி சரியாப் போய்ச் சேராது. அது இதுல இருக்கு."

"கிருமியவா எம்புள்ளைக்கு ஊட்டச் சொல்றீக?" என்று கத்திய என் கணவர், தடுத்த நர்ஸைச் சுவரில் மோதும்படி தள்ளினார். அந்தப் பெண்ணின் நெற்றியில் ரத்தம் வழிந்தது. அடுத்து டாக்டரம்மா மேல் கையை ஓங்கினார். நான் தையல் வலியோடு எழுந்து, தண்ணீர்ச் செம்பால் அந்தக் கையிலேயே அடித்தேன்.

"புள்ள செத்தா ஒங்கள உசுரோட விடமாட்டேன்" என்று அவரிடம் கத்தினேன்.

என் கணவர் தரையில் உட்கார்ந்து அழுதார். பொடியைத் தாய்ப்பாலில் குழைத்து நானே ஊட்டினேன். சில நாளில் கழிச்சல் நின்றது. அதுவரை அவரை மகளைத் தொட விடவில்லை.