களைப்பா இருக்கா?

இதை எழுத உட்கார்ந்தபோது மேலே 'கதை' என்று போட்டேன். பிறகு அடித்துவிட்டேன். கதை சொல்ல எனக்கு நன்றாகவே வரும், நான் நடிகன். ஆனால் இது நடந்தது. நடந்த மணி எனக்குத் தெரியும். பதினேழு நிமிட வீடியோவும் இருக்கிறது. வேண்டுமென்பவர்கள் பாகூருக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம்.

என் பெயர் திலீப். வீடு வில்லியனூரில். திருபுவனையில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் மெஷின் ஆபரேட்டர். வாரம் முழுக்க கம்பெனி, சனி ஞாயிறு நடிப்பு. கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்பார்களே, அந்த ஆள் நான்தான். நடிப்பு என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். டெங்கு விழிப்புணர்வு நாடகத்தில் கொசு. கல்யாண வரவேற்பில் கரடி பொம்மை. வெளியூர் சினிமாக்காரர்கள் வந்தால் கூட்டத்தில் ஒருவன். பையன்கள் எடுக்கும் குறும்படத்தில் மட்டும்தான் என் முகம் தெரியும். பதினோரு வருடமாக இதே பிழைப்பு.

மூன்று வாரத்துக்கு முந்தின சனி ஞாயிறைச் சொல்கிறேன். வெள்ளி இரவு ஷிப்ட் முடிந்து சனி காலை ஆறரைக்கு வீடு வந்தேன். பத்து மணிக்கு ஒத்திகை. நாலு மணிக்கு திருபுவனை பஸ் ஸ்டாப்பில் கொசு வேஷம். ஏழு மணியிலிருந்து பதினொன்று வரை ஒரு மண்டபத்து வாசலில் கரடி. அந்த உடுப்புக்குள் நாலு மணி நேரம் நின்று பாருங்கள், கரடி மேல் உங்களுக்கே பரிதாபம் வரும். ஞாயிறு காலை ஆறு மணிக்கு மறுபடி வண்டியை எடுத்தேன். சோரியாங்குப்பத்தில் குறும்படம்.

அதில் எனக்குப் பிண வேஷம்.

இதை என் மனைவி கீர்த்தியிடம் சொல்லவில்லை. அவளுக்கு ஏழாவது மாதம். எங்கள் பக்கம் பிள்ளைத்தாய்ச்சியின் புருஷன் பிணம் தூக்கமாட்டான். பங்காளி செத்தால்கூட தள்ளித்தான் நிற்பான். அப்படி இருக்க, பிணமாகவே படுப்பதா? பிண வேஷம் மட்டும் போடக்கூடாது என்று அவள் முன்பே சத்தியம் வாங்கியிருந்தாள். செத்தவனின் தம்பியாக நடிக்கிறேன் என்று பொய் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். உண்மையைச் சொன்னால், அந்த வேஷம் எனக்கு இனித்தது. படுத்துக்கிடப்பதுதானே வேலை?

படம் எடுத்தது அரிகரன், இஞ்சினியரிங் முடித்த பையன். கேமரா சூசைநாதன் அண்ணன், பாகூரில் கல்யாண வீடியோ ஸ்டுடியோ வைத்திருப்பவர். என் மனைவியாக நடித்தது சுகன்யா. வீடு ஊர்க்கோடியில், கரும்புக்கொல்லையை ஒட்டி. மூன்று வருடமாகப் பூட்டிக்கிடந்தது. பக்கத்து வீட்டு முத்துசாமியிடம் சாவி வாங்கித் திறந்தோம்.

கூடத்தில் பெஞ்சு போட்டு என்னைக் கிடத்தினார்கள். நெற்றியில் ஒரு ரூபாய். தாடையைச் சுற்றி வெள்ளைத்துணி. கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்து ஒரு துணி, முடிச்சில்லாமல் சும்மா ஒரு சுற்று.

கேமராக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பிணமாக நடித்தவன், ஷாட் முடிந்ததும் எழுந்திருக்குமுன் கேமராவைப் பார்த்து ஒருமுறை சிரிக்க வேண்டும். அதையும் படம் பிடிப்பார்கள். இது விளையாட்டு, இவன் உயிரோடு இருக்கிறான் என்று காட்டத்தான். சூசைநாதன் அண்ணன் மாதா கோயிலுக்குப் போகிறவர், சகுனம் பார்க்காதவர். இதில் மட்டும் விடமாட்டார்.

மணி 1.34. சாப்பாடு வந்துவிட்டது. இன்னொரு ஷாட் பாக்கி. அண்ணன், "சிரிச்சுட்டு எந்திரிப்பா" என்றார். இன்னும் ஷாட் இருக்கிறதே, எல்லாம் முடிந்ததும் சிரிக்கிறேன், எனக்குச் சோறு வேண்டாம், இப்படியே கொஞ்சம் கண்ணை மூடுகிறேன் என்றேன். அவருக்கு மனசில்லை. பசி அவரை இழுத்துப் போனது.

எல்லோரும் வெளியே புளியமரத்தடிக்குப் போனார்கள். நான் மட்டும் கூடத்தில். வெயில் ஜன்னல் வழியாகத் தரையில் விழுந்திருந்தது. நல்ல பட்டப்பகல். கண் சொக்கியது.

யாரோ என் காலைப் பிடித்துவிட்டார்கள்.

குதிகாலில் ஆரம்பித்து, மெதுவாக, ஒரே அழுத்தமாக... தைல வாசனை வந்தது. சுகன்யா என்று நினைத்தேன். கதைப்படி அவள் என் காலடியில் உட்கார்ந்து அழவேண்டும். ஒத்திகை பார்க்கிறாள் போல. கண்ணைத் திறக்கவில்லை. அவ்வளவு சுகம். இரண்டு நாள் வலி அந்தக் கையில் இறங்கிப் போனது.

"களைப்பா இருக்கா?"

மெல்லிய குரல். அக்கறையான குரல்.

"ஆமா" என்றேன். பொய்யில்லை. அந்த நேரத்தில் என்னைவிடக் களைத்தவன் பாகூர் கொம்யூன் பஞ்சாயத்திலேயே இருந்திருக்கமாட்டான்.

"தூங்கு. நான் பாத்துக்கறேன்."

அப்போது வெளியே, மரத்தடியில், சுகன்யாவின் குரல் கேட்டது. "அண்ணா, இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்து..."

அப்படியென்றால்... என் காலடியில் யார்?

கண்ணைத் திறக்கப் பார்த்தேன். இமை பிரியவில்லை.

கை நிற்கவில்லை. குதிகால்... கணுக்கால்... மறுபடி குதிகால்.

பிறகு கட்டைவிரல் துணியை இழுத்தது. ஒரு முடிச்சு. இறுக்கி, இன்னொன்று. மூன்றாவது.

தாடைத்துணியும் இறுகியது. பல்லோடு பல் ஒட்டியது. மூச்சு பாதியில் நின்று நின்று வந்தது.

வெளியே தட்டுச் சத்தம். சிரிப்புச் சத்தம். இருபதடி தூரம்தான்.

எதற்கு அதிகம் பயந்தேன் தெரியுமா? எழுந்திருக்க எனக்கு ஆசையே இல்லை. திங்கட்கிழமை ஷிப்ட் வேண்டாம். கரடி வேண்டாம். இப்படியே போதும் என்று இருந்தது...

கீர்த்தி ஞாபகம் வந்தாள். அவள் வயிறு ஞாபகம் வந்தது.

சிரிக்கவில்லையே நான்!

கேமரா இடதுபக்கம். எழ முடியாது. கழுத்தை மட்டும் திருப்பினேன். அரை அங்குலம்... ஓர் அங்குலம்... உதட்டை இழுத்தேன். கட்டிய தாடையோடு இழுத்தேன்.

சிரித்தேன்.

கை நின்றது.

இமை பிரிந்தது. கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கூடத்தில் யாரும் இல்லை. நான் போட்ட சத்தத்தில் எல்லோரும் சோற்றுக்கையோடு ஓடிவந்தார்கள். மணி 1.51.

கட்டைவிரலில் மூன்று முடிச்சு. அவிழவில்லை. சூசைநாதன் அண்ணன் கத்தரியால் வெட்டினார். யார் கட்டியது என்று அரிகரன் கேட்டான். யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. மிச்ச ஷாட் வேண்டாம் என்று சொல்லிவிட்டு மூன்று மணிக்குக் கிளம்பினேன்.

போனைப் பார்த்தேன். ஞாயிறு ரெண்டு மணிக்கு "சாப்ட்டியா" என்று கீர்த்தி கட்டாயம் கூப்பிடுவாள். அன்று ஒரு மிஸ்டு கால்கூட இல்லை. வீட்டுக்குள் நுழைந்ததும், "நல்லா தூங்கினியா?" என்று மட்டும் கேட்டாள். முகம் உர்ரென்று இருந்தது. பிண வேஷம் தெரிந்துவிட்டதோ என்று பயந்து, பேச்சை வளர்க்காமல் குளிக்கப் போனேன்.

புதன்கிழமை ஸ்டுடியோவில் வீடியோவைப் போட்டுப் பார்த்தோம். அவசரத்தில் அண்ணன் கேமராவை நிறுத்தாமல் போயிருந்தார். பதினேழு நிமிடமும் பெஞ்சில் நான். வேறு ஒருவரும் இல்லை. அந்தக் குரலும் இல்லை. ஐந்தாவது நிமிடத்தில், யாரும் எதுவும் கேட்காமல், நான் மட்டும் "ஆமா" என்கிறேன். பதினொன்றாவது நிமிடத்தில் என் கட்டைவிரல்கள் இரண்டும் சட்டென்று ஒட்டிக்கொள்கின்றன. அண்ணன் சிலுவை போட்டுக்கொண்டு நிறுத்திவிட்டார்.

மனசு கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு நானே சோரியாங்குப்பம் போய் முத்துசாமியைப் பிடித்தேன். முதலில் மழுப்பினார். பிறகு சொன்னார்.

அந்த வீட்டுக்காரனும் கம்பெனி ஆள்தான். மூன்று வருடத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை, ரெண்டு ஷிப்ட் சேர்த்துப் பார்த்துவிட்டு வந்தான். கால் வலி என்று கூடத்தில் படுத்தான். பெண்சாதி தைலம் தேய்த்துக் காலைப் பிடித்துவிட்டாள். தூக்கத்திலேயே உயிர் போய்விட்டது. அவள் ஒத்துக்கொள்ளவில்லை. ஞாயிறு முழுக்கக் காலடியை விட்டு நகரவில்லை.

"வாசல்ல யாரு போனாலும் ஒரே பேச்சுதான்பா. களைச்சுப்போயி தூங்கறாரு, எழுப்பாதீங்கன்னு சொல்லுவா. நாங்களும் தூங்கறான்னே நினைச்சோம். திங்கக்கெழமை வாடை வந்தப்புறம்தான் உள்ள பூந்தோம்."

அந்த அம்மாவும் நாற்பது நாள் தாண்டவில்லையாம்.

அன்று மாலை கீர்த்தியிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பொய் சொன்னதையும், பிணமாகப் படுத்ததையும், அந்தக் கையையும். திட்டுவாள் என்று பார்த்தேன். திட்டவில்லை. அவள் முகம் வெளுத்துப்போனது.

"அன்னிக்கு ஒரு பொம்பளை வந்தாங்க மாமா."

"எங்க?"

"நம்ம வூட்டுக்கு. டிவில ஒண்ணரை மணி சீரியல் ஓடினு இருந்துச்சு. கேட்டாண்ட நின்னுனு, உன் வூட்டுக்காரரு களைச்சுப்போயி தூங்கறாரும்மா, எழுப்பாதன்னாங்க. ஷூட்டிங்ல யாரோன்னு நினைச்சேன். நடிக்கறேன்னு போயி தூங்கறியேன்னு எனக்குக் கோவம். அதான் உனக்கு போனே பண்ணல."

சோரியாங்குப்பத்துக்கும் வில்லியனூருக்கும் பைக்கில் முக்கால் மணி நேரம்.

வேறு என்ன சொன்னார்கள் என்று கேட்டேன்.

கீர்த்தி வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"போறப்போ திரும்பிப் பாத்து, உனக்கும் களைப்பா இருக்காம்மான்னு கேட்டாங்க."

"நீ இன்னா சொன்ன?"

"ஏழு மாசம் மாமா... ஆமான்னு சொன்னேன்."

உடனே போனை எடுத்து, கேமராவைப் பார்த்துச் சிரி என்றேன். சிரித்தாள். எடுத்து வைத்திருக்கிறேன். அது போதுமா என்று சூசைநாதன் அண்ணனைக் கேட்டேன். "அது நடிச்சவங்களுக்குத்தான்பா" என்றார்.

சனி ஞாயிறு இப்போது எங்கும் போவதில்லை. பிரசவத்துக்கு இன்னும் எட்டு வாரம் இருக்கிறது. கீர்த்தி தூங்கும்போதெல்லாம் அவள் காலடியில் நான் உட்கார்ந்துகொள்கிறேன். அந்த இடம் காலியாக இருக்கக்கூடாது. கம்பெனியில் எல்லோரும் என் கண்ணைப் பார்த்துவிட்டு, களைப்பா என்று கேட்கிறார்கள்.

இல்லை என்றுதான் சொல்கிறேன்.