ராக்கெட் மிஸ்

"தேய்ங்க, இன்னும் நல்லாத் தேய்ங்க! கை சுடுதா? அதைக் கன்னத்துல வைங்க." வகுப்பு முழுக்க உள்ளங்கையைத் தேய்த்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டு கெக்கேபிக்கே என்று சிரிக்கிறது. "உரசினா சூடும் வரும், ஓடுற பொருளும் நின்னுடும்." அதற்குப் பிறகுதான் ராக்கெட் மிஸ் பலகையில் 'உராய்வு' என்று எழுதுகிறார். உடம்புக்குத் தெரியாத சொல்லைப் பலகையில் ஏற்றுவதில்லை என்பது அவருடைய பிடிவாதம்.

அந்தப் பாலர் பள்ளியில் நான் அடுத்த அறைப் பாட்டு டீச்சர். அவர் ஈர்ப்பு விசை நடத்தும் நாளில் அத்தனை வாண்டுகளும் நாற்காலியிலிருந்து தொப் தொப்பென்று குதிக்கும். என் தாளம் பாழ். சண்டைக்குப் போனால், "நிலா சிரிக்குதுன்னு நீங்க பாடுறீங்க, நான் ஏதாவது கேட்டேனா?" என்பார். கைப்பையில் ராக்கெட் விட்டுக்காட்டப் பலூனும் நூலும்தான் இருக்கும். சீப்பைத் தேடினால் கிடைக்காது. சந்தேகம் வந்தால் பள்ளி வாசலுக்குப் போய் நின்றுகொள்வார். அவர் வகுப்புச் சிட்டுவின் அம்மா விமானம் ஓட்டுபவர். மகளை விட வரும் அவரை மிஸ் மடக்கிக் கேள்வி கேட்பார். பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்தாலும் விடமாட்டார்.

எங்கள் ஜன்னலுக்கு எதிரே, வேலிக்கு அந்தப் பக்கம், விமான நிலைய ஓடுபாதை. ஒரு நாள் நான் சாக்பீஸ் கேட்டு வந்து அவர் வகுப்பில் நின்றிருந்தேன். வாலில் சிவப்புப் பட்டை போட்ட சின்ன விமானம் தாழ வந்து, இறங்காமல் மறுபடி மேலேறிச் சுற்றத் தொடங்கியது. சிட்டு தூக்கிய கையை இறக்காமல் நின்றாள். அம்மா ஓட்டி வரும் நாளில் அவள் கையாட்டுவது அந்த விமானத்துக்குத்தான்.

"மிஸ், மூக்குச் சக்கரத்தைக் காணோம்," என்றான் ஒரு பொடியன்.

"அதான் சுத்துதா மிஸ்? எரிபொருள் தீர்ந்து எடை குறையணும்னு சொன்னீங்களே?" என்றாள் இன்னொருத்தி.

சக்கரம் இறங்காவிட்டால் என்ன செய்வார்கள் என்று போன வாரம் பொம்மை விமானத்தை வைத்து அவரே நடத்திய பாடம். இனி ஒருத்தரையும் ஏமாற்ற முடியாதபடி அவ்வளவு நன்றாக நடத்தித் தொலைத்திருந்தார்.

விமானம் சுற்றிக்கொண்டே இருந்தது. ஓடுபாதை ஓரம் தீயணைப்பு வண்டிகள் வந்து நின்றன. நான் ஜன்னல் திரையை இழுக்கப் போனேன். அவர் என் கையைப் பிடித்தார். "வேணாம். பாத்துட்டாங்க. இப்ப மூடினா இன்னும் பயப்படுவாங்க." எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

சிட்டு திரும்பினாள். "மிஸ், அம்மா இறங்கிடுவாங்கல்ல?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லேன் என்று என் மனசு அடித்துக்கொண்டது. அவர் அவள் உயரத்துக்கு மண்டியிட்டார்.

"தெரியலடா கண்ணு. ஆனா என்ன செய்யணும்னு அம்மாவுக்குத் தெரியும். முதல்ல பின் சக்கரம். மூக்கைக் கடைசி வரைக்கும் தூக்கியே வச்சிருப்பாங்க. எனக்கு இதைச் சொல்லிக்குடுத்ததே உங்கம்மாதான்."

"மூக்கு தரையில பட்டா?"

"உரசும். பொறி பறக்கும். உரசினா என்ன ஆகும்?"

சிட்டு தன் உள்ளங்கைகளைப் பார்த்தாள். "சுடும்." பிறகு மெதுவாக, "நின்னுடும்."

விமானம் திரும்பி வந்தது. பின் சக்கரங்கள் தரையைத் தொட்டன. மூக்கு நிமிர்ந்தபடியே ஓடியது, ஓடியது, பிறகு மெல்லக் குனிந்தது. பொறி சீறியதும் நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தால், பிள்ளைகள் அத்தனை பேரும் யாரும் சொல்லாமலே உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள்.

விமானம் நின்றிருந்தது. கதவு திறந்தது. எல்லோரும் இறங்கிய பிறகு, கடைசியாக ஒரு வெள்ளைச் சட்டை இறங்கியது.

"அம்மா!"

கூரையைப் பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி வகுப்பே கத்தியது. ராக்கெட் மிஸ் சிட்டுவின் கன்னத்தில் வைப்பதற்காகத் தன் உள்ளங்கைகளைத் தேய்க்கப் பார்த்தார். இரண்டும் ஒன்றோடொன்று சேராமல் நடுங்கின. சிட்டு அவற்றைப் பிடித்துச் சேர்த்துவைத்து, தன் குட்டிக் கைகளால் தேய்க்க ஆரம்பித்தாள்.