ஐந்து மணிக்கு வீடு திரும்பியவள்

அந்த ஆஸ்பத்திரியின் சலவைக்கூடம் நிலவறையில் இருந்தது. மேல்மாடிகளிலிருந்து ஒரு சரிவுக் குழாய் வழியாக அழுக்குத் துணி பொத்துப் பொத்தென்று வந்து விழும். அதை வெளுத்து, உலர்த்தி, இஸ்திரி போட்டு, தள்ளுவண்டியில் அடுக்கி லிஃப்டில் ஏற்றிவிட வேண்டும். ஜன்னல் கிடையாது. வெளியே மழையா வெயிலா என்பது, மேலே போய்விட்டு வருகிறவர்களின் தலையைப் பார்த்துத்தான் தெரியும்.

அந்தக் கூடத்தின் மேற்பார்வையாளரை நேரில் எல்லோரும் அக்கா என்பார்கள். முதுகு திரும்பியதும் கஞ்சி. துணிக்குப் போடுகிற கஞ்சிதான். பேச்சிலும் நடையிலும் அவ்வளவு மொடமொடப்பு.

துணி மடிக்கும் மேஜையில் வேலைக்குச் சேர்ந்து மேலே வந்தவள் அவள். லீவு என்று ஒன்று இருப்பதையே மறந்துபோயிருந்தாள். எல்லோருக்கும் முன்னால் வருவாள், எல்லோரும் போன பிறகு போவாள். போகிற போக்கில் யாரையாவது நிறுத்திவைத்துப் புலம்புவாள்.

"ஒரு நாளாச்சும் வீட்ல காலை நீட்டி உக்காரணும்னு பாக்கறேன். முடியுதா? நான் இல்லேன்னா இங்க ஒண்ணும் ஓடாது."

கடைசி வார்த்தைகளைச் சொல்லும்போது மட்டும் அவள் குரலில் களைப்பு இருக்காது.

வீட்டில் அவள் கணவர் இருந்தார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மகள் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போய்விட்டிருந்தாள். அவர் மாலையில் டீ போட்டு, அவளுக்கும் ஒரு டம்ளரில் ஊற்றி மூடி வைப்பார். அது ஆறிப்போகும். சூடு பண்ணுவார். மறுபடி ஆறும். பிறகு தானே குடித்துவிடுவார்.

ஒருநாள் ஆஸ்பத்திரி நிர்வாகி கஞ்சியைக் கூப்பிட்டு, உதவி மேற்பார்வையாளர் ஒருத்தியை நியமித்திருப்பதாகவும், இனி வாரம் ஒருநாள் கஞ்சி கட்டாயம் வரக்கூடாதென்றும், சேர்ந்து கிடக்கும் லீவையும் எடுத்துக்கொள்ள வேண்டுமென்றும் சொன்னார். அவள் சந்தோஷமாக வீட்டுக்குப் போனாள். நடிப்பில்லை, உண்மையான சந்தோஷம். கணவருக்கோ கால் தரையில் நிற்கவில்லை. கடலோர ஊர் ஒன்றில் சில நாள் தங்குவதற்கு அறை எடுத்தார், பஸ்ஸில் இடம் பிடித்தார். கண்டக்டராகவே வாழ்நாள் போனவருக்கு, பஸ்ஸில் உட்கார்ந்து ஊர் போவது பெரிய ஆசை.

வந்த உதவியாளர் கண்ணாடி போட்டவள். எல்லோரும் கண்ணாடி என்றே கூப்பிட்டார்கள், அவளும் சிரித்துக்கொண்டாள். ஒரு பெரிய ஓட்டலில் இதே வேலை பார்த்தவள், சுறுசுறுப்பு. கஞ்சிக்கு அவள்மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதுவே குறையாகத் தோன்றியது. கண்ணாடி மடித்துவைத்த போர்வைகளை, அவள் சாப்பிடப் போன நேரத்தில் பிரித்து மறுபடி மடித்தாள்.

ஊருக்குக் கிளம்பும் நாளுக்கு முந்தின சாயங்காலம், கஞ்சி ப்ளீச் வைத்திருக்கும் அலமாரியைப் பூட்டி, சாவியைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். வழக்கமாக ஆணியில் மாட்டுகிற சாவி. ஆணியைப் பார்த்தாள். பார்த்துவிட்டுத்தான் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் காலை பஸ் நிலையத்தில் பெட்டிகளை மேலே ஏற்றிவிட்டு பஸ்ஸுக்குள் உட்கார்ந்திருந்தபோது, கண்ணாடியிடமிருந்து போன் வந்தது.

"அக்கா, அலமாரி சாவிய காணோமே?"

"அய்யய்யோ, என் பைல இருக்கு. இதோ வரேன்."

கணவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். "நீ எதுக்குப் போகணும்? வாசல்ல ஆட்டோ நிக்குது. சாவிய டிரைவர்கிட்ட குடுத்தா ஆஸ்பத்திரி வாசல்ல குடுத்துட்டுப் போறார்."

"கண்டவங்க கைல குடுக்கற சாவியாங்க அது? நீங்க போங்க. நான் அடுத்த பஸ்ல வந்துடறேன்."

அவள் இறங்கினாள். அவர் இறங்கவில்லை. கதவுப் பக்கம் நின்றிருந்த கண்டக்டர், "ஒரு சீட்டு காலியா?" என்று கேட்டபோது, "ஆமா, காலி" என்றார்.

அவள் போய்ச் சேர்ந்தபோது சலவைக்கூடம் ஓடிக்கொண்டிருந்தது. துப்புரவுப் பிரிவிலிருந்து ப்ளீச் கடன் வாங்கி, கண்ணாடி பாதி வேலையை முடித்திருந்தாள். கஞ்சி வாசலில் நின்று பார்த்தாள். ஆபரேஷன் தியேட்டருக்குப் போக வேண்டிய துணிகள் வண்டியில் தயாராக இருந்தன.

"எந்த ப்ளீச்சு? எவ்வளவு ஊத்தினே? இதையெல்லாம் மறுபடி போடு."

"அக்கா, நல்லாத்தான் வெளுத்திருக்கு. தியேட்டர்ல கேட்டுட்டே இருக்காங்க."

"போடுன்னா போடு."

வண்டியிலிருந்த துணி முழுக்க மறுபடி தண்ணீருக்குள் போனது. தியேட்டரில் துணி இல்லாமல் ஆபரேஷன்கள் தள்ளிப்போயின. மேலேயிருந்து கேள்வி வந்தபோது, புதிதாக வந்தவள் தப்பான ப்ளீச்சைப் போட்டுவிட்டாள் என்று கஞ்சி சொன்னாள். மூத்தவளின் பேச்சு எடுபட்டது. அந்த மாதமே கண்ணாடி வேலையை விட்டாள். போகும்போது கோபப்படவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

"நான் உங்க வேலைய பிடுங்க வரலக்கா. உங்கள வீட்டுக்கு அனுப்பத்தான் என்னை எடுத்தாங்க."

அடுத்த பஸ்ஸும் போனது, அதற்கடுத்ததும் போனது. அவர் தனியாகவே கடலைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். எப்படி இருந்தது என்று கேட்டாள். "பெருசா இருந்துச்சு" என்றார்.

அதன் பிறகு அவர் அவளிடம் எதையும் கேட்டதில்லை. அடுத்த தெருவில் கேரம் ஆடுகிற இடம் ஒன்றைக் கண்டுபிடித்தார். மாலையானால் அங்கேதான். திரும்பி வந்ததும் அவளுக்காகக் காத்திராமல் சாப்பிட்டுவிடுவார். அவள் வருகிற சத்தத்தில் தூக்கம் கலைகிறது என்று முன்னறைக்குப் படுக்கையை மாற்றிக்கொண்டார். சண்டை எதுவும் இல்லை. அக்கம்பக்கத்தில் கேட்டால், ஒற்றுமையான குடும்பம் என்றுதான் சொல்வார்கள்.

சில வருடங்கள் இப்படியே ஓடின. ஒரு மத்தியானம், சூடாகச் சுழலும் இஸ்திரி உருளையில் போர்வையை நுழைத்துக்கொண்டிருந்தவள் நின்றபடியே கண்ணயர்ந்தாள். கை உருளையில் பட்டு, முழங்கைக்குக் கீழே தோல் வெந்துபோயிற்று. அதே ஆஸ்பத்திரியில், அவள் வெளுத்த போர்வையிலேயே அவளைப் படுக்கவைத்துக் கட்டுப் போட்டார்கள். காயம் ஆறும்வரை வேலைக்கு வரக்கூடாதென்று டாக்டர் சொல்லிவிட்டார்.

வீட்டில் அவளால் தலைகூட வாரிக்கொள்ள முடியவில்லை. கணவர்தான் வாரிவிட்டார். பின்னத் தெரியாமல், ஒரு ரப்பர் பட்டையைப் போட்டு முடிந்துவிட்டார். முதல் நாள் அவளுக்குச் சிரிப்பு வந்தது. பிறகொரு நாள், சிக்கெடுத்துக்கொண்டே அவர் சொன்னார்.

"அன்னிக்கு பஸ்ல உன் மூஞ்சிய பாத்தேன். போன் வந்ததும் உனக்கு உசுரு வந்த மாதிரி ஆயிடுச்சு."

அவள் திரும்பவில்லை. மறந்து எடுத்து வந்த சாவி என்று சொல்ல வாயெடுத்தாள். வரவில்லை.

"வேணும்னேதாங்க எடுத்துட்டு வந்தேன்."

சீப்பு ஒரு கணம் நின்று, மறுபடி ஓடியது.

"வீட்ல இருந்தா என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியலங்க. அங்க எல்லாரும் தேடறாங்க. அந்தப் பொண்ணு நல்லா வேலை செஞ்சத பாத்ததும் எனக்குப் பொறுக்கல. அவ மேல பழிய போட்டு அனுப்பிட்டேன்."

"நானும்தான் தேடினேன்" என்றார் அவர். "ரொம்ப நாள் தேடினேன். அப்புறம் பழகிடுச்சு."

காயம் ஆறி அவள் வேலைக்குத் திரும்பியபோது சலவைக்கூடம் மூடிக் கிடக்கவில்லை. சில போர்வைகள் கிழிந்திருந்தன, தலையணை உறைகள் வார்டு மாறிப் போயிருந்தன. அவ்வளவுதான். அவள் நிர்வாகியிடம் தானே போய், பழைய விஷயத்தைச் சொன்னாள். கண்ணாடியைத் திரும்பக் கூப்பிடச் சொன்னாள். அவளுக்கு ஆள் அனுப்பினார்கள். வேறு இடத்தில் சௌகரியமாக இருப்பதாகவும், வரும் எண்ணம் இல்லையென்றும் பதில் வந்தது.

வேறொருவரை நியமித்தார்கள். சலவை வேலையே தெரியாத ஒருவர். கஞ்சி அவருக்கு எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தாள். ஐந்து மணிக்குக் கிளம்பினாள். கோணலாக அடுக்கிய வண்டியைத் தாண்டிப் போகும்போது கை பரபரக்கும். முந்தானையை இறுகப் பிடித்துக்கொண்டு தாண்டிப் போவாள். வாரத்து லீவில் போன் அடித்தால், அடித்து ஓயும்வரை அந்தச் சத்தம் கேட்காமலிருக்கத் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு நிற்பாள். ஒருமுறை குடையை ஆஸ்பத்திரியில் மறந்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டு பாதி வழி போய்விட்டாள். குடை கையிலேயே இருந்தது. நின்றாள், திரும்பிவிட்டாள். அது அவளுக்குச் சின்ன விஷயம் இல்லை.

ஆனால் ஐந்து மணிக்கு வீடு பூட்டியிருந்தது. அவர் கேரம் ஆடப் போயிருந்தார். அவள் இரண்டு பேருக்கும் சமைத்து வைத்துவிட்டுக் காத்திருந்தாள். அவர் ஆட்டக்காரர்களோடு கடையில் சாப்பிட்டுவிட்டு வந்தார்.

"சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லிப் பழக்கமில்ல" என்றார். குத்திக்காட்டுகிற குரலில் இல்லை.

மகள் தினமும் அப்பாவிடம் பேசுவாள். ஒரு மாலை அவர் வீட்டில் விட்டுப்போன போன் அடித்தது, கஞ்சி எடுத்தாள்.

"அம்மாவா? என்னாச்சு? அப்பாவுக்கு ஏதாச்சும் ஆயிடுச்சா?"

"ஒண்ணுமில்லடி. நான் இப்பல்லாம் சீக்கிரம் வந்துடறேன்."

"ஓ. நல்லதும்மா. அப்பா வந்ததும் கூப்பிடச் சொல்லு."

கடலுக்குப் போகலாமா என்று அவள் ஒருமுறை கேட்டாள். முட்டி வலிக்கிறது, பஸ்ஸில் மடக்கி உட்கார முடியாது என்றார். பொய்யில்லை. மாடிப்படி ஏறும்போது அவர் கைப்பிடியைப் பிடித்து நிற்பதை அவளும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். எப்போதிலிருந்து அப்படி நிற்கிறார் என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை.

மழை பிடித்துக்கொண்ட ஒரு மாலை, அவர் கேரமுக்குப் போகவில்லை. முன்னறையில் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். அவள் போய் அவர் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தாள். ஏதோ தொடர். ஒரு பெண் அழுதுகொண்டிருந்தாள்.

"யாருங்க இவ?"

"தம்பி பொண்டாட்டி."

"எதுக்கு அழறா?"

"அது பெரிய கதை." அவர் யோசித்தார். சொல்லத்தான் நினைத்தார் போலிருந்தது. எங்கே தொடங்குவது என்று தெரியாமல் கையை விரித்தார். "ஆரம்பத்துலருந்து பாத்தாத்தான் புரியும்."

விளம்பரம் வந்தது. அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். காலை மடக்கியதில் அவளுக்குக் கொஞ்சம் இடம் கிடைத்தது. திரும்பிப் படுக்க வாகாக மடக்கினாரா, இடம் விடத்தானா என்று சொல்ல முடியாது. அவள் சத்தத்தைக் குறைத்துவிட்டு, கதை புரியாமலே முடியும்வரை பார்த்தாள்.