ராஜாவின் கிருதா

சலூன்காரரைத் தெரு முழுக்கத் 'தாலாட்டு' என்றுதான் கூப்பிட்டார்கள். அவர் ஒருநாளும் பாடியதில்லை. ஆனால் அவர் கை தலையில் பட்டால் போதும், ஊரையே அதட்டும் போலீஸ் அதிகாரிகூட வாயைப் பிளந்துகொண்டு உறங்கிவிடுவார். எழுப்பினால், பாதியில் விட்ட கனவைக் கடை முழுக்கத் தேடுவார்.

இருபத்தெட்டு வருடமாக அங்கே கண்மூடாத ஒரே ஆள் ராஜா. படிகாரக் கட்டிக்குப் பக்கத்தில், ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில், வெள்ளி நாணயத்தின் மேல் ஒரு பக்கமாகத் திரும்பியபடி வீற்றிருந்தார். கடை திறந்த அன்று முதலில் வந்த மனிதர் கொடுத்துவிட்டுப் போன காசு அது. நிஜ ராஜா போய்ச் சேர்ந்து, பேரனும் போய்ச் சேர்ந்து, சிம்மாசனமே ஏலத்துக்குப் போன பிறகும் காசு மட்டும் செல்லுபடியாகிக்கொண்டிருந்தது.

தாலாட்டுக்கு ராஜாவிடம் ஒரே ஒரு மனக்குறை. கிருதா. காதுக்குக் கீழே தாறுமாறாக இறங்கித் தாடையில் முட்டிக்கொண்டு நின்றது. மறுபக்கத்துக் கிருதா எப்படியோ, அது காசு அடித்தவனுக்கே வெளிச்சம். கடை காலியாகக் கிடக்கும் மதியங்களில், ராஜா நாணயத்திலிருந்து இறங்கி, தோளை உதறிக்கொண்டு நாற்காலியில் அமர்வார். "கொஞ்சமா எடுப்பா" என்பார். கத்தி பக்கத்தில் போவதற்குள் யாராவது வந்து தாலாட்டை எழுப்பித் தொலைப்பார்கள்.

இந்த நேரத்தில் அரசாங்கமும் ஏதோ கனவு கண்டு விழித்தது. இனி வெள்ளி பணமில்லை, காகிதமே பணம். மாதம் முடிவதற்குள் கருவூலத்தில் கொடுத்தால் ஒரு வெள்ளிக்கு ஏழு நோட்டு. பிறகு அது வெறும் உலோகம். நோட்டும் புது மாப்பிள்ளை மாதிரி முதல் வாரம் விறைப்பாகத்தான் இருந்தது. அடுத்த வாரம் சோப்புக்கு மூன்று நோட்டு, அதற்கடுத்த வாரம் ஐந்து.

நாற்காலியின் தலைச்சாய்ப்பும் நாள் பார்த்து அப்போதுதான் கழன்றது. போல்ட்டுக்கு அடியில் இருந்த வட்டத் தகடு உடைந்துபோயிருந்தது. சாய்ப்பு இல்லாததால் யாரும் உறங்கவில்லை. உறங்காதவர்கள் கண்ணாடியைப் பார்த்தார்கள். பார்த்தவர்கள் குறை சொன்னார்கள். பாதி வாடிக்கை எதிர்க்கடைக்குப் போயிற்று. மீதியும் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தது.

"வாஷர் ஏழு நோட்டுண்ணே, நாளைக்கு வந்தா எட்டு" என்றார் இரும்புக்கடைக்காரர். "என்னை முறைக்காதீங்க, இரும்பை முறைங்க."

"ஏழுக்கு ஏழு. கணக்கு தீர்ந்துச்சு" என்றாள் மனைவி, துவாலைகளைப் பிழிந்துகொண்டே. "இன்னிக்குத்தான் கடைசி நாளாம். ராஜாவைக் கொண்டுபோய் விட்டுட்டு, தகட்டோட வாங்க."

தாலாட்டு கிளம்பினார். வாசல்வரை போனவர் திரும்பி வந்தார். உருக்குவதற்குப் போகிற மனிதரை இந்தக் கோலத்திலா அனுப்புவது? தொழில் தர்மம் என்று ஒன்று இல்லையா? நாற்காலியில் வெள்ளைத் துவாலை விரித்து ராஜாவை அமர்த்தினார். நக அரத்தால், மூச்சை அடக்கி, கிருதாவைக் காதோரம் வரை ஏற்றி நிறுத்தினார். ராஜாவுக்குப் பத்து வயது குறைந்தது.

கருவூல அதிகாரி பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார்.

"என்னய்யா இது? கிருதா எங்க?"

"எடுத்துட்டேன் சார்."

"யாரைக் கேட்டு எடுத்த?"

"அவர்தான் சார் கேட்டார்."

அதிகாரி சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். சேதமான நாணயம் ஏற்கப்படாது. காசைத் தள்ளிவிட்டவர், குரலைத் தாழ்த்தி, "ஆனா நல்லாத்தான் இருக்கு" என்றார்.

கடையில் அப்படி யாரும் சொல்லவில்லை.

"ஊர்ல அவனவன் சவரம் பண்ணிக் காசு வாங்குறான். நீங்க காசுக்கே சவரம் பண்ணிட்டு வந்து நிக்கிறீங்க!" என்று காசைப் பிடுங்கினாள் மனைவி. வீசி எறியத்தான் கையை ஓங்கினாள். கண் போல்ட்டின் மேல் விழுந்தது. காசை அதன்மேல் வைத்துப் பார்த்தாள்.

"அளவெடுத்த மாதிரி இருக்கே!"

"அடியே, என்ன பண்ணப் போற?"

"தகடு வாங்கத்தானே போனாரு? அவரே தகடா இருந்துட்டுப் போகட்டும். ஆணியையும் சுத்தியலையும் எடுங்க."

முதல் அடியில் தாலாட்டு கண்ணை மூடிக்கொண்டார். ஆணி சரியாக ராஜாவின் காது வழியாக இறங்கியது. போல்ட்டை முடுக்கியதும் சாய்ப்பு அசையாமல் நின்றது.

"உக்காருங்க, தாங்குதான்னு பாப்போம்" என்று அவரையே பிடித்துத் தள்ளினாள்.

இருபத்தெட்டு வருடத்தில் அந்த நாற்காலியில் அவர் சாய்ந்தது அதுதான் முதல் தடவை. கண் தானாகச் சொக்கியது. பின்னால் யாரோ தோளை உதறிக்கொண்டு வந்து நிற்பதும், கத்தி தோல்வாரில் தீட்டப்படுவதும் கேட்டது. காதோரம் வெள்ளியின் குளிர்ச்சி.

"கிருதா கொஞ்சம் இறங்கியிருக்கே, எடுக்கட்டுமா?" என்றது அந்தக் குரல்.

"கொஞ்சமா எடுங்க" என்று முனகிவிட்டுத் தாலாட்டு குறட்டை விட ஆரம்பித்தார்.