கொட்டாய்க்கே போட்ட ஊசி

போன வியாழக்கிழமை மதியம், ஆபீஸ் டெலிபிரிண்டர் ஒரு சின்னச் செய்தியைத் துப்பியது. பக்கத்தில் மிச்சமாகும் இடத்தை அடைக்க உதவுமே, அந்த அளவு.

வெளிநாட்டில், சிறு வயதில் வளர்ச்சி ஹார்மோன் ஊசி போட்டுக்கொண்ட சிலர், பல வருஷம் கழித்து மூளை நோயில் இறந்திருக்கிறார்கள். அந்த மருந்து விநியோகத்தையே நிறுத்திவிட்டார்கள்.

வழக்கமாக இதற்கொரு தலைப்பு வைத்துவிட்டு டீ குடிக்கப் போயிருப்பேன். அன்று முடியவில்லை. அதே ஊசியைப் போட்டுக்கொள்ளும் ஒரு குழந்தையை எனக்குத் தெரியும்.

நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருக்கும் பழனிசாமி என் நெடுநாள் சிநேகிதர். அவர் மகள் செல்விக்குப் பதினொரு வயது. பார்த்தால் ஆறு என்பீர்கள். மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் ஒரு சுரப்பி இருக்கிறது; வளரச் சொல்லி உடம்புக்கு உத்தரவு போடுவது அதுதான். செல்விக்கு அது சரியாக வேலை செய்யவில்லை என்று சேலத்து டாக்டர் கண்டுபிடித்தார். சிங்கப்பூர் மைத்துனர் மருந்து வாங்கி அனுப்பினார். பிறகு ஒரே வருஷத்தில் செல்வியின் பாவாடை மடிப்பை இரண்டு தடவை பிரித்துவிட்டார், அம்மா ராசம்மாள்.

அந்த மருந்து எங்கிருந்து வருகிறது? இறந்தவர்களின் தலையிலிருந்து! பலருடைய சுரப்பிகளை ஒன்றாகச் சேர்த்துத்தான் ஹார்மோனைப் பிரித்தெடுக்கிறார்கள். அதில் ஒரே ஒருவருக்கு அந்த மூளை நோய் இருந்திருந்தால்...?

திங்களும் வியாழனும் ஊசி நாள். சாயங்காலம், கோழிகளுக்குத் தீனி வைத்த பிறகு. பண்ணையில் போன் கிடையாது. பஸ் ஏறிவிட்டேன்.

ராசிபுரத்தில் டிரைவர் இறங்கினார். டீ குடித்தார். வெற்றிலை போட்டார். யாரிடமோ மஞ்சள் விலை விசாரித்தார். ஜன்னல் வழியே அவரை நான் பார்த்த பார்வையில் அவர் வெற்றிலை கசந்திருக்க வேண்டும்.

பண்ணைக்குள் நுழைந்தபோது தீனி வைத்து முடித்திருந்தார்கள். கோழித் தடுப்பூசிக்காக வாங்கிய ஃபிரிட்ஜ் பக்கத்தில் பழனிசாமி நின்றிருந்தார். எவர்சில்வர் தட்டில், மருந்து ஏற்றிய சிரிஞ்சுகள் இரண்டு.

இரண்டு!

"வாங்க வாங்க... கை கழுவிப்போட்டு வாரேனுங்க, உக்காருங்க."

"ஒன்று செல்விக்கு. இன்னொன்று யாருக்கு?"

"செந்திலுக்குங்க. நாலு மாசமாப் போடறோமுங்க."

செந்தில் மூத்த பையன். பத்தொன்பது வயது. போன தடவை போலீஸ் செலக்‌ஷனில் ஒரு இஞ்ச் உயரம் குறைந்து திரும்பி வந்தவன்.

"டாக்டர் போடச் சொன்னாரா?"

"அவுரு எதுக்குங்க? கொட்டாய்ல ஒரு கோழி சுருண்டுதுன்னா அதுக்கு மட்டுமா ஊசி போடறோம்? மொத்தக் கொட்டாய்க்கும் போட்டாத்தானுங்க பண்ணை நிக்கும். நல்லாருக்கற கோழி ஊசி போட்டுக் கெட்டுப்போனதா எங்கயாச்சும் கேள்விப்பட்டீங்களா?"

நான் பையிலிருந்து டெலிபிரிண்டர் தாளை எடுத்துப் படித்தேன். படிக்கும்போதே ராசம்மாளும் செல்வியும் வந்து நின்றார்கள்.

ராசம்மாள்தான் முதலில் பேசினார். "நிறுத்திப்போட்டா எம்புள்ள இப்பிடியே நின்னுக்குவாளுங்களே... அதுக்கு என்ன பதில் சொல்லுவீங்க?"

தாளைப் பழனிசாமியிடம் நீட்டினேன்.

"பேப்பர்ல வர்றதெல்லாம் நெசமுங்களா?" என்றார் பழனிசாமி.

பத்திரிகைக்காரனிடம் கேட்கக் கூடாத கேள்வி! "எல்லாம் இல்லை. இது நிஜம்" என்றேன்.

அவர் தட்டைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். செல்வி பழக்கத்தில் கையை நீட்டிக்கொண்டு நின்றிருந்தாள். கடைசியில் தட்டை எடுத்து ஃபிரிட்ஜுக்குள் வைத்து, கதவைச் சாத்தினார்.

மறுநாள் காலை எல்லோரும் சேலத்தில், டாக்டர் முன்னால்.

அவருக்கும் செய்தி வந்திருந்தது. செல்விக்கு ஊசியை நிறுத்தச் சொன்னார். பிறகு செந்தில் பக்கம் திரும்பினார். "உனக்கு எலும்பு வளரும் முனைகள் மூடியிருக்கும். இது உன்னை உயரமாக்காது. தாடை, கை, பாதத்தை வேண்டுமானால் பெருக்கும். சர்க்கரை வியாதியைக் கூட்டி வரும்."

செந்தில் மெதுவாகக் கையை மேஜைமேல் வைத்தான். "மோதிரத்தக் கழட்ட முடியலீங்க சார்."

பழனிசாமி அந்த விரலைப் பார்த்தபடியே கேட்டார்.

"அந்த மூளை நோய் இருக்குதான்னு டெஸ்டு எடுக்கலாங்களா?"

"டெஸ்ட் கிடையாது. பெரும்பாலும் வராது. வந்தால் பல வருஷம் கழித்து வரும். முதலில் நடை தடுமாறும்."

இதை யாரிடம் சொல்கிறோம் என்று டாக்டருக்குத் தெரியாது. வெள்ளைக்கழிச்சல் கண்ட கோழியைக் கொட்டாய் வாசலிலிருந்தே நடையை வைத்துக் கண்டுபிடிப்பவர் பழனிசாமி. இனி அந்தக் கண் வீட்டுக்குள் வேலை செய்யும். எத்தனை வருஷம்? அதை யாரும் சொல்லவில்லை.

மருந்தில் ஆபத்து இருக்கத்தான் செய்யும். செல்வி அந்த ஆபத்தைச் சுமந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. செந்தில் சுமந்ததற்கு? நமக்கு நல்லது செய்த மருந்து எல்லோருக்கும் நல்லது என்று நினைக்கிறோமே... அந்த நல்ல மனசுதான் எனக்கு இப்போது பயமாக இருக்கிறது.

ஒரு ஆறுதலும் சொன்னார் டாக்டர். இறந்தவர் தலையைத் தொடாமல், தொழிற்சாலையிலேயே இந்த ஹார்மோனைச் செய்யும் வழி வந்துவிட்டதாம். நம் பக்கம் வர நாளாகும். அதுவரை காத்திருக்க வேண்டும்.

மத்தியானம் ஊர் திரும்பினோம். பஸ்ஸிலிருந்து இறங்கி நாலடி வைத்திருப்பாள் செல்வி. கால் இடறியது. தடுமாறி விழப் போனாள்.

பழனிசாமி நின்ற இடத்தில் நின்றுவிட்டார். ராசம்மாள் வாயைப் பொத்திக்கொண்டார்.

செல்வி சிரித்தாள். "செருப்பு பெருசுங்க மாமா! நான் வளந்துருவேன்னு அம்மா ரெண்டு சைசு கூட வாங்கிப்போட்டாங்க."

பழனிசாமி மண்டியிட்டு அந்தச் செருப்பைச் சரிசெய்தார். "நாளைக்கே சின்னதா வாங்கிக்கலாஞ் சாமி."

"வேண்டாங்கப்பா. வளந்துக்கறேன்."

இதை எழுதும்வரை அவர் செருப்பை மாற்றவில்லை.