ஒன்றுகூடல் வேண்டும் என்று ஒரு கடிதம்

வேரோனிக்கா மல்வேர்னிலிருந்து விடிய பஸ் ஏறிப்போய் ஹோட்டல் லோன்ட்ரியில் துணி மடிப்பவர். புலம்பெயர்ந்து வந்த ஊரவர்களின் ஒன்றியத்துக்கு ஒன்பது வருடமாகச் செயலாளரும் அவர்தான். வன்னியில் யுத்தம் முடிந்து ஐந்தாவது கிழமை, 2009 ஆனியில், ஒன்றியத்துக்கு வந்த கடிதமொன்றைப் பிரித்தவருக்கு முதல் வரியிலேயே ஆத்திரம் வந்தது.

‘கோடை ஒன்றுகூடலை இந்த முறையும் நடத்த வேண்டும்.’

வன்னியில் பாலர் பள்ளி ஆசிரியையாக இருந்த தங்கை ரதியும் அவளுடைய இரண்டு பையன்களும் உயிரோடு இருக்கிறார்களா என்றே தெரியவில்லை. இப்போது கொத்துரொட்டியும் கயிறிழுத்தலுமா? கிழிக்கத்தான் போனார். ஆனால் எதையும் கையெழுத்துவரை வாசிக்காமல் விட்டுப் பழக்கமில்லை. இரண்டாம் பக்கத்தை வாசித்ததும் கடிதத்தை மடித்துப் பத்திரமாகப் பைக்குள் வைத்தார்.

ஞாயிறு கூட்டத்தில் வாசிக்க எழுந்ததுமே தலைவர் இராஜரட்ணம் மறித்தார்.

"ஆர் எழுதினது?"

"எங்கட ஊர்ச்சனம்தான் அண்ணை. முதல் விஷயத்தைக் கேளுங்கோ."

"என்னத்தைக் கேக்கிறது? ஊருக்கே சாத்துடக்கு. உவையளுக்கு விளையாட்டுக் கேக்குதோ?"

"எனக்கும் பத்திக்கொண்டுதான் வந்தது. ரெண்டாம் பக்கம் வரைக்கும்தான்."

பின்வரிசையிலிருந்த தவமணி விடவில்லை. "அண்ணை படம் துவங்க முன்னமே தீர்ப்புச் சொல்லுற ஆள். நீர் வாசியும்."

சிரித்துவிட்டார்கள். வேரோனிக்கா மூச்சுவிடாமல் வாசித்தார். பாட்டு வேண்டாம், போட்டி வேண்டாம். ஆனால் ஊர்ச்சனம் முழுவதும் ஒரே இடத்தில் கூடுவது அந்த ஒரு நாள்தான். ஒவ்வொரு வீட்டுக்கும், வன்னிச் சனத்தை அடைத்திருக்கும் ஏதோவொரு முகாமிலிருந்து போன் வருகிறது. பேசுகிறவர் தான் கண்ட நாலு பேரின் பெயரையும் சொல்கிறார். முகாமுக்கு ஒரு பெரிய காட்போட் மட்டை கட்டி, கேள்விப்பட்ட பெயர்களை எல்லாம் எழுதுவோம்.

இராஜரட்ணம் கண்ணாடியைக் கழற்றினார். "முகாமிலயிருந்து மருமோன் சொன்ன ஏழு பேரின்ர பேர் என்னட்டையே இருக்கு. ஆரிட்டைச் சொல்லுறதெண்டு தெரியாமல் வைச்சிருக்கிறன்." ஒன்றுகூடலுக்குச் சம்மதமாக முதல் உயர்ந்த கை அவருடையதுதான்.

ஆடி முதல் சனி. மோர்னிங்சைட் பூங்காவில் பத்து மணிக்கே ஆறு மட்டைகள் நிறைந்துவிட்டன. தவமணியின் மகள் அட்சயா எழுதிக்கொண்டிருந்த மட்டையைப் பார்த்து வேரோனிக்கா ஓடினார்.

"பிள்ளை, உது எந்த ரதி?"

"பிரீஸ்கூல் ரீச்சராம் அன்ரி. எங்கட மாமியின்ர டென்ட்டுக்குப் பக்கத்திலதானாம். வித் டூ பாய்ஸ்."

பேனையை வாங்கி, ரதிக்குக் கீழே இரண்டு பையன்களின் பெயர்களையும் வேரோனிக்கா தானே எழுதினார். எழுத்து கோணல்மாணலாக ஓடியது. ஒருவரும் அவரை அவசரப்படுத்தவில்லை.