மாமன் வந்து கூப்பிட்டால்

1. மேனேஜர் சொன்ன மூன்று

சின்னமனூரில் பஸ்ஸை விட்டு இறங்கி, மலையைப் பார்த்தபடி வண்டிப்பாதையில் ஒன்றரை மணி நேரம் நடந்தால் நான் முதலில் வேலை பார்த்த ஊர் வரும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் பின்பாதி அது. ஓர் அறை, ஐந்து வகுப்பு, ஒரு டீச்சர். அந்த டீச்சர் நான். கெங்குவார்பட்டிப் பக்கத்து வேதக்காரக் கிறிஸ்தவக் குடும்பம், வயது இருபத்திரண்டு, கல்யாணம் ஆகவில்லை. முதல் இரண்டையும் ஊர் ஒரு வாரத்தில் மறந்துவிட்டது. மூன்றாவதை மட்டும், நான் அங்கிருந்த வரை, ஊர் மறக்கவில்லை.

பள்ளிக்கூடத்து மேனேஜர் ஊரிலேயே பெரிய விவசாயி. சேர்ந்த அன்று காலையில் வந்து நின்றுகொண்டே மூன்று விஷயம் சொன்னார். "பெல்லு நேரத்துக்கு அடிக்கணும். புள்ளைகளக் கையை நீட்டி அடிக்கப்படாது. தாய்மாமன் வந்து கேட்டா மட்டும் மறுப்பு சொல்லாம விட்ருங்க டீச்சர். அங்கன இங்கன நிக்க வச்சுப் பேசுனா மரியாதையா இருக்காது."

எனக்கு இதில் ஒன்றும் விநோதமாகத் தெரியவில்லை. என்னையும் என் மாமன் பள்ளிக்கூடத்திலிருந்து திருவிழாவுக்குக் கூட்டிப்போயிருக்கிறார். அப்பன்காரன் வயலில் நிற்பான். பிள்ளைக்கு நல்லது கெட்டது என்றால் வாசலில் வந்து நிற்பது மாமன்தான். அந்தப் பக்கத்தில் அதற்கு மேல் ஒரு அத்தாட்சி கிடையாது.

2. பேச்சி சிலேட்டை வைத்துவிட்டுப் போனது

பேச்சியம்மாள் மூன்றாம் வகுப்பு. ஒன்பது வயது. அப்பா இல்லை. அம்மா வீராயி நடவு, களையெடுப்பு என்று கூலிக்குப் போகிறவள். பேச்சி அதிகம் பேச மாட்டாள். ஆனால் கேட்டதற்குச் சரியாகப் பதில் சொல்லுவாள், ஒரு வார்த்தை கூடவும் இருக்காது, குறையவும் இருக்காது. கணக்கில் அவளை அடிக்க அந்த அறையில் ஆள் இல்லை.

ஒரு நாள் மதியச் சாப்பாடு முடிந்து வாய்ப்பாடு ஓடிக்கொண்டிருந்தபோது ஒருவர் வாசலில் வந்து நின்றார். தோளில் கம்பளி. மலையிலிருந்து இறங்கி வந்தவர் என்று பார்த்தாலே தெரிந்தது.

"பேச்சியக் கூட்டிட்டுப் போகணும். நான் அவ மாமன்."

நான் பேச்சியைக் கூப்பிட்டேன். "ஏத்தா, இவுக ஓம் மாமனா?"

"ஆமா டீச்சர்."

"சரி, போயிட்டு வா."

அவள் போய்த் தன் சிலேட்டை எடுத்தாள். பைக்குள் போடவில்லை. என் மேஜையில் கொண்டுவந்து வைத்தாள். "இது இங்கனயே இருக்கட்டும் டீச்சர்" என்றாள். நான் தலையை ஆட்டிவிட்டு ஏழாம் வாய்ப்பாட்டைத் தொடர்ந்தேன். விருந்துக்குப் போகிற பிள்ளை சிலேட்டை ஏன் டீச்சரிடம் ஒப்படைக்கிறது என்று யோசிக்க எனக்கு அன்று மூளை இல்லை.

சாயங்காலம் வீராயி சேற்றுக்காலோடு வந்தாள். "எம்புள்ள எங்கன டீச்சரம்மா?"

"அவ மாமன் வந்து கூட்டிட்டுப் போனாரே."

வீராயி அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். அவள் தம்பி மேலே ஏலத்தோட்டத்தில் இருக்கிறான். காய் எடுப்புக்குச் சின்னக் கை வேண்டும், அவன் குழந்தையைப் பார்த்துக்கொள்ளவும் ஆள் வேண்டும். முந்தின நாள் வீட்டில் வந்து கேட்டிருக்கிறான். இவள் முடியாது என்று சொல்லியிருக்கிறாள். வீட்டில் மறுத்த பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் வந்து வாங்கிக்கொண்டு போய்விட்டான். கொடுத்தவள் நான்.

3. யாரும் என்னைத் திட்டவில்லை

என்னைத் திட்டியிருந்தால் தேவலை. வீராயியே திட்டவில்லை. "மாமன் வந்து கூப்புட்டா நீங்க என்ன செய்வீக" என்றாள். வா, இருவருமாகப் போய்க் கூட்டி வருவோம் என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். "போயிச் சண்ட போட்டா கூடப்பெறந்தவன் அத்துக்கிட்டுப் போயிருவான். நாளைக்கு எனக்குன்னு யாரு வருவாக?"

மேனேஜரிடம் போனேன். வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டார். "வந்தது மாமன்தானே?"

"மாமன்தான். ஆனா தாய் சம்மதிக்கல."

"பெறகென்ன. களவா போச்சு? குடும்ப விசயம் டீச்சர். நீங்க பாடத்தப் பாருங்க."

தோட்டத்துக்கு ஒரு கடிதம் எழுதி, சின்னமனூர்ச் சந்தைக்கு அரிசி வாங்க மலையிலிருந்து இறங்கிய ஒருவரிடம் கொடுத்தேன். பதில் இல்லை. ஊருக்கே அது தப்பாகத் தெரியாதபோது நான் யாரிடம் போய் மன்னிப்புக் கேட்பது? தப்பு செய்ததைவிட, அதைத் தப்பு என்று நினைக்க என்னைத் தவிர ஆள் இல்லாமல் போனதுதான் எனக்குப் பெரிய தனிமையாக இருந்தது. பள்ளிக்கூட வாசலில் நின்றால் மலை நேரே தெரியும். பிள்ளைகள் வீட்டுக்குப் போனபிறகு அதையே பார்த்துக்கொண்டு நிற்பேன். பிறகு பூட்டிக்கொண்டு போய் என் ஒருத்திக்கு உலை வைப்பேன்.

தொடர்ந்து வராத பிள்ளையின் பெயரை அட்டெண்டன்ஸிலிருந்து எடுத்துவிட வேண்டும். அட்மிஷன் ரிஜிஸ்தரில் 'நீங்கிய காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு. அங்கே என்ன எழுதுவது? இன்ஸ்பெக்டர் வந்தபோது, "வெளியூர் சென்றாள்னு எழுதுங்கம்மா, இதுக்கு என்ன இவ்வளவு யோசனை" என்றார். சரி சார் என்றேன். எழுதவில்லை. தினமும் காலையில் பேச்சியம்மாள் என்று கூப்பிட்டேன். முதல் மாதம் பிள்ளைகள், "மலைக்குப் போயிருச்சு டீச்சர்" என்று பதில் சொன்னார்கள். அப்புறம் அலுத்துப்போய் யாரும் வாயைத் திறப்பதில்லை.

4. காதுகுத்து

இதற்கிடையில் நான் ஒரு சட்டம் போட்டேன். பிள்ளையைக் கொண்டுவந்து சேர்த்தவர் வந்தால்தான் வெளியே விடுவேன். மாமனாவது மச்சானாவது.

அதற்கு முதலில் அகப்பட்டது ஒரு அப்பாவி மாமன். இரண்டாம் வகுப்புப் பையனுக்கு அன்று காதுகுத்து. அவன் புதுச் சட்டையைக் காட்ட வேண்டும் என்று பள்ளிக்கூடத்துக்கு ஓடி வந்துவிட்டான். தேடிக்கொண்டு மாமன் வந்தார், கழுத்தில் மாலையோடு. நான் விடவில்லை.

"டீச்சரம்மா, எம்மடியில வச்சுத்தான் காது குத்தணும். ஆசாரி ஊசியோட உக்காந்திருக்காக."

"சேத்தவுக வரட்டும்."

பையனின் அம்மா அடுப்பை விட்டுவிட்டு ஓடி வருவதற்குள் நல்ல நேரம் கழிந்துவிட்டது. அவள் என்னைப் பார்த்த பார்வை இன்றைக்கும் நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு எனக்கு மோர் கொடுத்துக்கொண்டிருந்த வீட்டில் மோர் தீர்ந்துபோனது. கிணற்றடியில் நான் போனால் பேச்சு நிற்கும். சரியான பூட்டைத் தப்பான கதவில் போட்டிருக்கிறேன் என்று எனக்கே தோன்றியது. எது சரியான கதவு என்றுதான் தெரியவில்லை.

5. நான் கேட்காதது

பத்து மாதம் கழித்து ஒரு காலை, பழக்கதோஷத்தில் பேச்சியம்மாள் என்று கூப்பிட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போனேன். "உள்ளேன் டீச்சர்" என்று வாசலிலிருந்து ஒரு குரல்.

முடி ஒட்ட வெட்டியிருந்தது. மலைக்காய்ச்சலில் வயிறு உப்பி, கையும் காலும் குச்சியாக இருந்தன. விரல் நுனியெல்லாம் வெடிப்பு. வேலைக்கு ஆகாது என்று மாமனே முந்தின நாள் கொண்டுவந்து விட்டுப் போயிருக்கிறான். உள்ளே வந்து தன் இடத்தில் உட்கார்ந்தாள். சிலேட்டை எடுத்துக் கொடுத்தேன். அன்றைக்கு நான் பாடம் நடத்தவில்லை, பிள்ளைகளைப் பார்த்தெழுதச் சொல்லிவிட்டேன்.

எல்லாரும் போனபிறகு அவளை நிறுத்தினேன். எனக்கு மன்னிப்பு வேண்டியிருந்தது. ஆனால் வாயில் வந்ததோ அவள்மேல் பழி போடுகிற கேள்வி.

"போக இஷ்டமில்லன்னு அன்னைக்கே எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்ல ஆத்தா? நான்தான் கேட்டேனே."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "மாமனான்னு கேட்டீக. மாமன்தானே டீச்சர். போறியான்னு கேக்கலையே."

குறையாகச் சொல்லவில்லை. கணக்கில் விட்டுப்போன ஒரு வரியைக் காட்டுவது மாதிரிச் சொன்னாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன். அவள் சிலேட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு நின்றாள்.

அடுத்த நாள் பழைய சட்டத்தை எடுத்துவிட்டேன். யார் வந்தாலும் பிள்ளையைத் தனியே கூப்பிட்டு, நானும் கீழே உட்கார்ந்து, "போறியா?" என்று கேட்டேன். பெரும்பாலான பிள்ளைகள் கேட்டு முடிப்பதற்குள் ஓடிவிடும். பேசாமல் நின்ற பிள்ளையை நான் விட்டதில்லை. வீட்டுக்கு ஆள் அனுப்பித் தாயை வரவழைப்பேன். மேனேஜர், "சின்னப்புள்ளகிட்டப் போயி சம்மதம் கேக்குறாகளாம்" என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

இப்போது புதிதாக வேலைக்கு வரும் டீச்சர்கள், பிள்ளையை அனுப்பும் முன் பெற்றவர்களிடம் கடிதம் வாங்குகிறீர்கள், கையெழுத்து வாங்குகிறீர்கள். வாங்குங்கள். வாங்கி வைத்துவிட்டுப் பிள்ளையையும் கேளுங்கள், பதில் வரும்வரை பொறுத்திருங்கள். பணியிலிருந்த காலம் முழுவதும் எத்தனையோ பிள்ளைகளிடம் அதை நான் கேட்டுவிட்டேன். கேட்டிருக்க வேண்டிய நாளில் பேச்சியிடம் கேட்கவில்லை.